துணியைப் பழக்குதல்: ‘ரோம்’ தொடரும் ஆடைப் பிரிவின் வேலையும்

பண்டைய உலகைக் காட்டும் தொலைக்காட்சித் தொடர் முதல் காட்சியிலேயே பொய்யாகத் தெரிந்தால், பெரும்பாலும் குற்றவாளி துணிதான். தையல்காரரிடமிருந்து காலையில் வந்த ட்யூனிக்கை, அதாவது முழங்கால் வரை தொங்கும் ரோமானியச் சட்டையை, நடிகர் அப்படியே மாட்டிக்கொண்டு நின்றால், இஸ்திரி மடிப்பு வயிற்றுக்குக் குறுக்கே ஓடும். கீழ் ஓரம் விறைப்பாக நிற்கும். கக்கத்தில் வியர்வைத் தடம் இருக்காது. வரலாறு படிக்காதவருக்கும் அது உறுத்தும், என்ன உறுத்துகிறது என்று சொல்லத் தெரியாவிட்டாலும்.

எச்பிஓ, பிபிசி, இத்தாலியின் ராய் மூன்றும் சேர்ந்து தயாரித்து 2005 முதல் 2007 வரை ஒளிபரப்பான ‘ரோம்’ தொடரை ஆடை, கலைப் பிரிவுக்காரர்கள் இன்றும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்க வேண்டியதற்குக் காரணம் இதுதான். மொத்தம் 22 அத்தியாயங்கள். ரோமில் உள்ள சினெசித்தா ஸ்டுடியோவில் சுமார் ஐந்து ஏக்கரில் செட் போட்டார்கள். வெள்ளைப் பளிங்கு நகரத்தை அதில் தேடினால் கிடைக்காது. சுவர்களில் சிவப்பும் மஞ்சளும் பூசி, அதன் மேல் கிறுக்கல்கள், புகைக்கரி, தண்ணீர் வடிந்த தடம் என்று ஏற்றியிருப்பார்கள். எரிமலைச் சாம்பலில் புதைந்த ரோமானிய நகரமான பாம்பேயியில் (Pompeii) கிடைத்தவை நமக்குச் சொல்லும் ரோம் இதுதான். சிலைகளுக்கே வண்ணம் பூசிய மக்கள் அவர்கள். ஏப்ரல் ஃபெர்ரி வடிவமைத்த ஆடைகளும் அந்தச் சுவர்களோடு சேர்ந்தே அழுக்கேறியிருக்கின்றன. சுவர் பழையதாகவும் துணி புதியதாகவும் இருந்திருந்தால் அத்தனை செலவும் வீண்.

புதுத் துணியை நாள்பட உடுத்தியது போலத் தெரியவைப்பதைத்தான் பழக்குவது என்கிறோம். அது தேயிலைத் தண்ணீரில் முக்கி எடுப்பது என்றே பலர் நினைக்கிறார்கள். அது பாதி வேலைகூட இல்லை. முதலில் கஞ்சியை எடுக்க வேண்டும். லினன், பருத்தி என்றால் சலவைச் சோடா போட்ட வெந்நீரில் இரண்டு மூன்று முறை அலசினால் துணி தொங்க ஆரம்பிக்கும். கம்பளியை அப்படிச் செய்தால் சுருங்கிக் கட்டிதட்டிவிடும். படைவீரரின் மேலங்கிக்கு மட்டும் அந்தக் கட்டித்தன்மை தேவை, ஆகவே அதை வேண்டுமென்றே கொஞ்சம் சுருங்க விடலாம். ஆனால் அளவெடுத்து வெட்டுவதற்கு முன்பே செய்துவிட வேண்டும்.

அடுத்தது நிறம் இறக்குவது. தூய வெள்ளை கேமராவில் வெளுத்துப்போய் நெசவே தெரியாது. 10 லிட்டர் வெந்நீருக்கு 100 கிராம் தேயிலைத் தூள் போட்டுக் கொதிக்கவைத்து, வடிகட்டி, ஏற்கெனவே நனைத்த துணியை 20 நிமிடம் ஊறவிட்டால் போதும். வடிகட்டாவிட்டால் தூள் ஒட்டிய இடமெல்லாம் புள்ளி விழும். உலர்ந்த துணியைப் போட்டால் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். ஈரத்தில் தெரியும் நிறம் காய்ந்ததும் நன்றாக வெளுத்துவிடும் என்பதால், ஒரு துண்டைக் காயவைத்துப் பார்க்காமல் முழுத் துணியையும் வெளியே எடுக்கக் கூடாது. பாலியெஸ்டர் கலந்த துணி இந்தச் சாயத்தைச் சரியாக ஏற்காது. உப்புத்தாள் பட்டால் உருண்டை உருண்டையாகத் திரளும். விளக்கு வெளிச்சத்தில் மினுங்கும். அதை வாங்காமலிருப்பதே மிச்சம்.

பிறகுதான் தேய்மானம். இதை மேசையில் விரித்துவைத்துச் செய்யவே கூடாது. ஆள்மேலோ பொம்மைமேலோ போட்டு, உடம்பு எங்கே முட்டுகிறது என்று பார்த்துத் தேய்க்க வேண்டும். தோள் வெயிலில் வெளுக்கும். கை துடைக்கும் தொடைப்பகுதி கறுக்கும். கழுத்தோரம் எண்ணெய்ப் பிசுக்கு ஏறும். கீழ் ஓரத்தில் தெருச்சேறு ஒரு சாண் வரை ஏறி நிற்கும். கம்பித் தூரிகையும் 80 எண் உப்புத்தாளும் இதற்குப் போதும். யார் அணிவது என்பதைப் பொறுத்துத் தடம் மாறும். தொடரின் இரண்டு நாயகர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். காலியா நாட்டில் (இன்றைய பிரான்ஸ் பகுதி) நடத்திய போரைப் பற்றிச் சீசர் எழுதிய குறிப்புகளில் இருவரும் நூற்றுவர் தலைவர்களாக வருகிறார்கள். தொடரில் வோரெனஸ் நூற்றுவர் தலைவன், புல்லோ சாதாரண வீரன். ரோமானிய வீரன் வாளை வலது இடுப்பில் தொங்கவிடுவான், நூற்றுவர் தலைவன் இடது இடுப்பில். ஆகவே உறை உரசிய தேய்மானம் ஒருவருக்கு வலப்பக்கமும் மற்றவருக்கு இடப்பக்கமும் விழ வேண்டும். எல்லா ட்யூனிக்கையும் ஒரே மாதிரி தேய்த்து அடுக்கும் உதவியாளருக்கு முதலில் கற்றுக்கொடுக்க வேண்டிய பாடம் இது.

தூசிக்குப் பெரும்பாலும் முல்தானி மட்டிதான். பழைய சாக்ஸில் கட்டித் தட்டினால் சீராக விழும். தட்டுபவரும் பக்கத்தில் நிற்பவரும் முகக்கவசம் போட்டே ஆகவேண்டும், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. ரோமானிய வண்ணார்கள் கம்பளியை வெளுக்கப் பயன்படுத்தியதும் இதே வகை மண்தான். நாம் அதை அழுக்காக்கப் பயன்படுத்துகிறோம்.

டோகா தனி உலகம். ரோமானியக் குடிமகன் ட்யூனிக்குக்கு மேல் சுற்றிக்கொள்ளும், நேர்விளிம்பும் வளைந்த விளிம்பும் கொண்ட கம்பளித் துணி அது. குடியரசுக் காலத்துக்குச் சுமார் நான்கு மீட்டர் நீளம் போதும், நம் புடவையைவிடக் குட்டை. பேரரசுக் காலத்தில்தான் அது பெருத்து, மார்பில் பெரிய மடிப்புகள் வந்தன. சீசர் காலத்துக் காட்சியில் அந்தப் பெரிய மடிப்பைக் காட்டினால் காலம் தவறிவிடும். ஒரு முனையை இடது தோளிலிருந்து முன்பக்கம் தொங்கவிட்டு, மீதியை முதுகு வழியாக வலது கைக்குக் கீழே கொண்டுவந்து, மார்பைக் கடந்து மறுபடி இடது தோளில் எறிய வேண்டும். ஊசி, பெல்ட் எதுவும் கிடையாது, இடது கை மடங்கியே இருந்து தாங்க வேண்டும். நடிகர் அந்தக் கையை ஆட்டிப் பேசினால் நாலாவது வசனத்தில் தோளிலிருந்து வழியும். இடது தோளில் ட்யூனிக்கோடு சேர்த்து மறைவாக ஒரு கொக்கியும் முன் முனைக்குள் ஈயக் குண்டும் வைத்துத் தைப்பது வழக்கம். ஆனால் ஒத்திகைக்கு அவை இல்லாமல்தான் உடுத்தச் சொல்ல வேண்டும். துணி நழுவும் பயம் உள்ள நடிகர்தான் செனட்டர் மாதிரி நிமிர்ந்து, மெதுவாக நடக்கிறார்.

கரையில் அடிக்கடி தப்பு நடக்கும். ஊதாக்கரை போட்ட டோகா உயர்பதவியில் இருப்பவர்களுக்கும் வயதுக்கு வராத சிறுவர்களுக்கும் உரியது. சாதாரண செனட்டருக்கு அகலமான ஊதாப்பட்டை உள்ளே ட்யூனிக்கில்தான் வரும். மன்றத்தில் எல்லோருக்கும் கரை போட்டுவிட்டால் யார் பதவியில் இருக்கிறார் என்பதே தெரியாமல் போகும்.

கி.மு. 44 மார்ச் 15, சீசர் கொலை. 23 குத்துகள் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் எழுதியிருக்கிறார். இப்படியொரு காட்சி ஆடைப் பிரிவுக்குக் கணக்கு வேலை. ரத்தம் பட்ட கம்பளியைச் சில நிமிடத்தில் வெளுத்து அடுத்த டேக்குக்குக் கொடுக்க முடியாது. ஆகவே ஒரே மாதிரி பழக்கிய டோகாக்கள் குறைந்தது ஐந்தாவது வேண்டும்: ரத்தமில்லாதது, முதல் குத்துக்குப் பிறகு, பாதியில், கடைசியில், விபத்துக்கு ஒன்று. ஐந்தையும் ஒரே சாயத்தொட்டியில், ஒரே நாளில் முக்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெட்டி ஒட்டும்போது நிறம் தாவும். சர்க்கரைப் பாகில் செய்த ரத்தத்தில் சில துளி பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலந்துவைத்தால் அலசும்போது விடும். அலசுவது குளிர்ந்த தண்ணீரில்தான். வெளிப்புறப் படப்பிடிப்பு என்றால் பாகுக்கு எறும்பும் குளவியும் வரும், துணியை மூடிவைக்க வேண்டும்.

சங்கிலிக் கவசம் அசல் இரும்பில் சுமார் 10 கிலோ வரும். எடை முழுக்கத் தோளில் இறங்கும். பெல்ட்டை இறுக்கிவிட்டு, கவசத்தை அதற்கு மேல் ஒரு சாண் இழுத்துத் தொங்கவிட்டால் பாதி எடை இடுப்புக்குப் போகும். இதை உடுத்திவிடுபவர் செய்யத் தவறினால் மதியத்துக்குள் வீரர்கள் கூன் போட்டுவிடுவார்கள். முன்வரிசைக்கு இரும்பு, நடுவரிசைக்கு அலுமினியம், கடைசி வரிசைக்குக் கயிற்றில் பின்னி வெள்ளிச்சாயம் அடித்தது என்று பிரிப்பதில் தவறில்லை. இரும்பு ஒரே இரவில் துருப்பிடிக்கும். எண்ணெய் தடவினால் ட்யூனிக்கில் கறை. அந்தக் கறையை விட்டுவிடுங்கள், துணியைப் பழக்க அதைவிட நல்ல வழி வேறில்லை. பட்டைபட்டையான தகட்டுக் கவசம் மட்டும் இந்தக் காலத்துக்கு வேண்டாம், அது சீசருக்குப் பின் வந்த முதல் பேரரசர் அகஸ்டஸ் ஆட்சியில்தான் தலைகாட்டுகிறது.

இதையெல்லாம் கட்டிக்காப்பது கண்டினியூட்டி தாள். ஒவ்வொரு உடைக்கும் முன், பின், இரு பக்கம் என்று நாலு படம்; பெல்ட் எந்தத் துளையில், டோகா இடது கையில் எத்தனை மடிப்பு, சேறு எவ்வளவு உயரம். படமெடுக்கும் நாளை வைத்து எழுதாமல் கதையின் நாளை வைத்து எழுத வேண்டும். முதல் அத்தியாயம் தொடங்கும், சீசர் காலியாவில் நடத்திய கி.மு. 52 அலேசியா முற்றுகையில் போட்ட மேலங்கியோடு ஒருவன் பிற்பாடு ரோமுக்குத் திரும்பினால், அந்த இடைவெளியின் வெயில் அதில் தெரிய வேண்டும். காட்சிகள் முன்பின்னாகவே எடுக்கப்படும் என்பதால் ஒரே மேலங்கிக்கு மூன்று நிலைகள் செய்துவைப்பது நல்லது. அழுக்கைக் கூட்டலாம், கழித்து எடுக்க முடியாது.

சமையலறைக் காட்சியில் வைக்கும் பொருள்களுக்கு ஒரு வார்த்தை. தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு, மக்காச்சோளம் எதுவும் ரோமில் இல்லை. இன்றைய இத்தாலியச் சந்தையில் எது கண்ணைப் பறிக்கிறதோ அதைத்தான் முதலில் விலக்க வேண்டும். மிளகு இருக்கலாம். முசிறியிலிருந்து பொன்னுக்கு மாற்றாகப் போனது அது. ஆனால் கி.மு. 30-இல் எகிப்து ரோமானியர் கைக்கு வந்த பிறகே கப்பல்கள் பெருகின. அதற்கு முந்தைய காட்சியில் அது தொடரில் வரும் ஆத்தியா மாதிரிப் பணக்காரி வீட்டில் சின்னக் கிண்ணத்தில் இருந்தால் போதும், தெருக்கடையில் குவித்துவைக்க வேண்டாம்.

படப்பிடிப்பு முடிந்ததும் பழக்கிய ஆடைகளை டிரை கிளீனிங்குக்கு அனுப்பிவிடும் வழக்கம் பல கம்பெனிகளில் இருக்கிறது. மாதக்கணக்கில் ஏற்றிய அடுக்கு ஒரே நாளில் பாதி போய்விடும். வியர்வைக்கு வோட்காவும் தண்ணீரும் பாதிப்பாதி கலந்து உள்பக்கம் தெளித்து, காற்றில் உலர்த்தி, பூச்சிக்குப் பாதுகாப்பாகப் பையில் போட்டு, கதாபாத்திரம், கதையின் நாள், சாயத்தின் அளவு மூன்றையும் எழுதித் தைத்துவிட வேண்டும். அடுத்த பருவத்துக்கு ஆறாவது பிரதி வேண்டுமென்றால் அந்தச் சீட்டு ஒன்றுதான் வழி.