இரண்டாவது ரயில்

நேற்றுப் பின்னேரம் கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைக்குப் போகத் தண்டவாளத்தடியில் நின்றேன். கோட்டை ஸ்டேஷன் பக்கம் போகிற ரயில் கடந்ததுதான் தாமதம், காதில் ஹெட்போனோடு ஒரு தம்பி காலை எடுத்து வைத்தார், பக்கத்தில் கடலை விற்ற அண்ணை சட்டையைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால்... அங்கே இரட்டைப் பாதை, முதல் ரயில் மறைத்த பக்கத்திலிருந்து மற்றது வந்துவிட்டது, அலைச் சத்தத்தில் ஹோர்னும் சரியாகக் கேட்காது.

கேட் போட்ட பிறகும் மோட்டார் சைக்கிளைச் சரித்து நுழைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு 2005 ஏப்ரல்தான் ஞாபகம் வரும். பொல்கஹவெலவுக்குப் பக்கத்தில், கடவையில் பஸ்ஸும் ரயிலும் மோதி 30 பேருக்கு மேல் செத்தார்கள். ரயில் என்ன ஓட்டோவா, பிரேக் போட்டதும் நிற்க?

சரி, கடற்கரைக் கடவையில் 'இன்னொரு ரயில் வரலாம்' என்று மூன்று மொழியிலும் ஒரு பலகையாவது வைக்கலாம். அந்தத் தம்பி ஹெட்போனைத் திரும்ப மாட்டிக்கொண்டு போனார்.