நாலு கோடி அடியில் தண்ணீர்

பாலக்காட்டு மாவட்டம் என்றதும் ஓயாமல் மழை பெய்யும் ஊரைக் கற்பனை செய்துகொள்பவர்கள், அதன் கிழக்கு ஓரத்தில் பொள்ளாச்சியை ஒட்டிக் கிடக்கும் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு கோடையில் வந்து பார்க்க வேண்டும். அங்கே வீட்டுப் பேச்சு தமிழ், பஸ் பலகை மலையாளம், தண்ணீர் இரண்டு மொழியிலும் கிடையாது. நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சிவிட்ட வட்டாரம் என்று அரசே முன்பு வகைப்படுத்திய, அந்தப் பாலக்காட்டுச் சித்தூர்ப் பகுதியில், தென்னந்தோப்பு வாடுவதைப் பொறுக்க முடியாத என் மாமா, அலைந்து திரிந்து அனுமதி வாங்கித் திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டியை வரவழைத்துவிட்டார்.

உள்ளங்கையில் தேங்காயை நிறுத்தி நீரோட்டம் பார்த்தவர், முந்நூறு அடியில் ஆறே ஓடுகிறது என்று சொல்லிவிட்டுத் தட்சணையோடு போய்விட்டிருந்தார். முந்நூறு அடியில் வெள்ளைப் புகை வந்தது. அறுநூறில் கறுப்புப் புகை வந்தது. ஆயிரத்தைத் தொட்டபோது வந்த புகைக்கு நிறம் பார்க்கும் மனநிலையில் யாரும் இல்லை. கம்ப்ரசரை நிறுத்தியதும் மாமா என் பக்கம் திரும்பினார்.

“ஏனுங்க மாப்ள, இப்படியே ஓட்டீட்டே போனா அந்தப் பக்கமே வந்துருமல்லோ? அங்கயாச்சும் தண்ணி இருக்குமா?”

பள்ளியில் இயற்பியல் கற்பிப்பவன் என்ற ஒரே காரணத்துக்காக, மிக்ஸி ஓடாவிட்டாலும் என்னைக் கூப்பிடும் உறவினர்களிடையே, முதல்முறையாக என் பாடத்துக்குள் அடங்கும் கேள்வி ஒன்று வந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஊர் ஏறக்குறைய 10.7 பாகை வட அட்சரேகையிலும் 76.8 பாகை கிழக்குத் தீர்க்கரேகையிலும் இருப்பதால், நேர் எதிர்ப்புள்ளி 10.7 தெற்கு, 103.2 மேற்கு என்று வரும். அது பெரு நாட்டுக் கரையிலிருந்து 2,500 கிலோமீட்டருக்கும் மேல் மேற்கே, பசிபிக் பெருங்கடலின் நடுவில் இருக்கிறது. தண்ணீருக்குக் குறைவே இல்லை என்று நான் சொன்னதும், கூடியிருந்தவர்கள் ஏதோ ஊற்றே கிளம்பிவிட்டதைப் போல நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

அத்தைக்கு மட்டும் ஏமாற்றம். நமக்கு நேர் கீழே அமெரிக்கா என்று சிறுவயதிலிருந்தே நம்பிவந்தவர் அவர். மகன் டெக்சாஸில் இருக்கிறான். மாங்காய் ஊறுகாய் அனுப்ப ஒரு வழி பிறக்கும் என்று எதிர்பார்த்திருக்கிறார்.

போர் ஓட்டுகிற தம்பியோ அதற்குள் கணக்கில் இறங்கிவிட்டார். பூமியின் சராசரி விட்டம் 12,742 கிலோமீட்டர். அடியில் சொன்னால் நாலு கோடியே பதினெட்டு லட்சம். முதல் முந்நூறு அடிக்கு ஒரு விலை, அதற்குக் கீழே ஒவ்வொரு நூறு அடிக்கும் விலை ஏறும் என்பது அந்தத் தொழிலின் நடைமுறை ஆகையால், அவர் முகத்தில் தெரிந்த வெளிச்சத்தை என்னால் புரிந்துகொள்ள முடிந்தது. ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் 1970-இல் தொடங்கி 1989 வரை துளைத்தும் 12,262 மீட்டருக்குத்தான் போக முடிந்தது என்றும், அந்த ஆழத்திலேயே வெப்பம் 180 டிகிரியாகி வேலை நின்றுபோனது என்றும், அந்த வேகத்தில் போனால் மாமாவின் போர் முடிய ஏறக்குறைய 20,000 ஆண்டுகள் ஆகும் என்றும் விளக்கினேன். அவர் அசரவில்லை, குழி சரியாமல் காக்கும் கேசிங் குழாய் எத்தனை அடி இறக்க வேண்டும் என்று கேட்டார். 2,900 கிலோமீட்டருக்குக் கீழே பாறை முடிந்து உருகிய இரும்பு தொடங்குகிறது, நடுவில் 5,000 டிகிரிக்கு மேல் வெப்பம் என்றேன். “அப்ப பிவிசி தாங்காதுங்க” என்று மரியாதையாக ஒப்புக்கொண்டார்.

இந்த இடத்தில் மாமா, தாம் உள்ளே குதித்தால் என்ன ஆவோம் என்று கேட்க வாயெடுத்தார். போர்க் குழிக்குள் விழுவது என்பதை எங்கள் பக்கத்தில் யாரும் விளையாட்டாகப் பேசுவதில்லை. அத்தை எழுந்து போய், ஆறரை அங்குலக் குழாயின் வாயில் இரும்பு மூடியைத் தம்பியின் கையால் இறுக்க வைத்து, அசைத்துப் பார்த்த பிறகே பேச்சைத் தொடர அனுமதித்தார்.

வெப்பத்தையும் காற்றையும் நீக்கிவிட்டு, பூமி முழுவதும் ஒரே அடர்த்தி என்று வைத்துக்கொண்டால், குதித்தவர் மையத்தை நொடிக்கு 7.9 கிலோமீட்டர் வேகத்தில் கடந்து, அங்கிருந்து வேகம் குறைந்துகொண்டே போய், 42 நிமிடத்தில் மறுமுனையை எட்டுவார். பூமியின் உள்ளடுக்குகளின் உண்மையான அடர்த்தியை வைத்து 2015-இல் அலெக்சாண்டர் கிளோட்ஸ் என்னும் ஆய்வாளர் கணக்கிட்டபோது அது 38 நிமிடமாகக் குறைந்தது. எதிர் விளிம்பை எட்டிப் பிடிக்காவிட்டால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். “அப்ப ஒண்ணரை மணி நேரத்துக்குள்ள வந்துருவாரு, இலையைப் போட்டு வைக்கலாம்” என்றார் அத்தை. கால் கீழாகக் குதித்தவர் அந்தப் பக்கம் கால் மேலாகத்தான் வெளியே வருவார் என்ற உண்மையையும் நான் மறைக்கவில்லை. மாமா உடனே தம் வேட்டியைக் குனிந்து பார்த்துக்கொண்டதிலிருந்து, இயற்பியலை அவரளவுக்கு விரைவாக உள்வாங்கும் மாணவர் என் வகுப்பில் இல்லை என்று தெரிந்தது.

காற்றை நீக்காவிட்டால் கதை இழுத்துக்கொள்ளும். மணிக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டருக்கு மேல் வேகம் ஏறாது. கீழே போகப் போகக் காற்று கெட்டியாகி அதுவும் குறையும். ஒரு நாளுக்கு மேல் விழுந்துகொண்டே இருந்துவிட்டு நடுவழியில் நின்றுபோக வேண்டியதுதான்.

அப்போது பக்கத்துத் தோப்பிலிருந்து வந்து சேர்ந்தார், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், ஊர் வழக்கில் மாஷ். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அதெல்லாம் சரி, பக்ஷே பூமி சுற்றுகிறதே” என்றார். நம் ஊர்த் தரை நொடிக்கு 450 மீட்டருக்கும் அதிகமான வேகத்தில் கிழக்கே ஓடிக்கொண்டிருக்கிறது. ஆழத்தில் இருக்கும் பாறையின் ஓட்டம் அதைவிடக் குறைவு. ஆகவே மேலேயிருந்து விழும் எதுவும் கிழக்குச் சுவரில் போய் உரசும். காற்றுத் தடையை விட்டுவிட்டால், மாமாவின் ஆயிரம் அடிப் போரில் போட்ட கல்லே அடி சேர்வதற்குள் ஏறக்குறைய 11.5 சென்டிமீட்டர் விலகும் என்று அவர் செங்கற்சூளைக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டினார். குழியின் ஆரமோ எட்டு சென்டிமீட்டர்தான். மாமா பயணம் முழுவதும் சுவரில் தேய்ந்துகொண்டே போவார் என்பது இதன் பொருள். துருவத்திலிருந்து துருவத்துக்குத் துளைத்தால் இந்தத் தொல்லை இல்லை என்றார் மாஷ். அங்கெல்லாம் வண்டி வராது என்றார் தம்பி.

அத்தையின் முகவாட்டம் தாங்காமல், இன்னொரு செய்தியைச் சொன்னேன். பூமியின் மையத்தைத் தொடாமல் எந்த இரண்டு ஊர்களுக்கிடையே நேர்க்கோட்டில் சுரங்கம் வெட்டினாலும், அடர்த்தி ஒன்றாகவும் உராய்வு இல்லாமலும் இருந்தால், வழுக்கிப் போய்ச் சேர அதே 42 நிமிடம்தான். 1966-இல் பால் கூப்பர் என்பவர் இதைப் போக்குவரத்துத் திட்டமாகவே எழுதினார். டெக்சாஸுக்கும் 42 நிமிடம், கோயம்புத்தூருக்கும் 42 நிமிடம். கோயம்புத்தூருக்கு என்றால் வேலந்தாவளம் பஸ்ஸைவிடச் சீக்கிரம் என்று அத்தை ஆறுதல் அடைந்தார். ஊறுகாய் ஜாடியின் மூடி கழன்றால் என்ன ஆகும் என்று மட்டும் ஒருமுறை கேட்டார். உராய்வே இல்லாத சுரங்கத்தில் நல்லெண்ணெய் சிந்துவதைப் பற்றிக் கூப்பர் எழுதியதாக எனக்குத் தெரியவில்லை.

மாமா இதற்குள் மூலக் கேள்விக்கே திரும்பியிருந்தார். அந்தப் பக்கம் கடல் என்றால், ஓட்டை வழியாகத் தண்ணீர் இந்தப் பக்கம் ஏறுமா? வழியிலுள்ள வெப்பத்தை மறந்துவிட்டால், நியாயமாக ஏறத்தான் வேண்டும். இரு முனைகளிலும் நீர் கடல் மட்டத்துக்குச் சமமாக நிற்கும். கொழிஞ்சாம்பாறை அதைவிட மேடு என்பதால் வழிந்து ஓடாது. ஆனால் இப்போது துளைத்திருக்கும் ஆயிரம் அடிக்கு நன்றாக மேலேயே தண்ணீர் நிற்கும். நான் இதைச் சொல்லி முடிப்பதற்குள் மாமா எத்தனை குதிரைத்திறன் மோட்டார் வாங்கலாம் என்று யோசிக்கத் தொடங்கிவிட்டார்.

லிட்டருக்கு 35 கிராம் உப்பு என்று மாஷ் எச்சரித்தார்.

“தென்னை வெக்கறப்பவே குழீல உப்புப் போட்டுத்தானுங்க வெக்கறோம்” என்றார் மாமா.

தம்பி ராடுகளைக் கழற்றி வண்டியில் அடுக்கிக்கொண்டே, உப்புத் தண்ணீரில் இறக்கினால் மோட்டாருக்கு வாரண்டி கிடையாது என்பதை இப்போதே சொல்லிவிடுவதாகவும், பிறகு தன்னைக் குறை சொல்லக் கூடாது என்றும் கேட்டுக்கொண்டு, ஆயிரம் அடிக்கான பில்லை நீட்டினார்.