மிதிச்சா கேக்காத ஆக்ஸிலேட்டர்: பழைய டீசல் கார்ல காரணத்தைத் தேடின கதை

என்கிட்ட இருக்குறது 2010 மாடல் டீசல் ஹேட்ச்பேக், 1.3 லிட்டர் காமன் ரெயில் இன்ஜின், ரெண்டு லட்சம் கிலோமீட்டருக்கு மேல ஓடிருச்சு. இந்த வயசு வண்டின்னா மாசத்துக்கு ஒண்ணு கிளம்பும்னு தெரிஞ்சதுதான், ஆனா விக்கிரவாண்டி டோல் தாண்டி திருச்சி ரூட்ல 85, 90ல போயிட்டு இருக்கும்போது ஆக்ஸிலேட்டர் மொத்தமா செத்துப்போச்சு பாருங்க, அது வேற ரகம். பின்னாடி ஆம்னி பஸ்காரன் ஹாரன் அடிச்சிட்டே வர்றான், நான் பெடலைத் தரையோட தரையா மிதிக்கிறேன், ஒண்ணும் நடக்கல. இன்ஜின் ஆஃப் ஆகல, பிரேக் ஸ்டியரிங் எல்லாம் நல்லா இருக்கு, செக் இன்ஜின் லைட் மட்டும் எரியுது. ஹசார்ட் போட்டு அப்படியே உருட்டிக்கிட்டே ஓரங்கட்டிட்டேன்.

நின்னதும் நியூட்ரல்ல போட்டு ரேஸ் பண்ணிப் பாத்தேன். ஐடிலிங்கை விட கொஞ்சம் மேல ஒரே ஆர்பிஎம்ல நிக்குது, எவ்வளவு மிதிச்சாலும் முள்ளு அசையல. இந்த ஒரு டெஸ்ட் ரொம்ப முக்கியம்ங்க. நியூட்ரல்ல நல்லா ரேஸ் ஆகி ஓட்டும்போது மட்டும் இழுக்கலன்னா டீசல் ஃபில்டர் அடைப்பு, டர்போ ஹோஸ் கழண்டது, ஈஜிஆர் வால்வு (புகையில கொஞ்சத்தைத் திரும்ப இன்ஜினுக்குள்ள விடுறது) மாட்டிக்கிட்டது இந்த மாதிரி பக்கம் போகணும். ரேஸ் ஆகுது, ஆர்பிஎம் ஏறுது, ஸ்பீடு மட்டும் ஏறலன்னா கிளட்ச். நியூட்ரல்லயே பெடலை மதிக்கலன்னா மிதிக்கிற தகவலே ஈசிஎம்முக்கு, அதாவது இன்ஜினைக் கன்ட்ரோல் பண்ற கம்ப்யூட்டருக்கு, போய்ச் சேரலன்னு முதல்ல சந்தேகப்படணும். இந்த வண்டியில ஆக்ஸிலேட்டர் கேபிளே கிடையாது, பெடல்ல இருந்து வயர் வழியா சிக்னல்தான்.

சாவியை ஆஃப் பண்ணி, கொஞ்சம் விட்டு ஆன் பண்ணேன், ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகி பிக்கப் எல்லாம் பழையபடி வந்துருச்சு. ஃபில்டர் அடைச்ச வண்டியும் கொஞ்ச நேரம் ரெஸ்ட் குடுத்தா திரும்ப ஓடும்தான், ஆனா சாவியைத் திருப்பின உடனே முழுசா சரியாகுதுன்னா எனக்கு எலக்ட்ரிக்கல் மேலதான் சந்தேகம் போகும்.

ஊருக்குப் போய் திரும்பி வந்து ஏரியா மெக்கானிக் அண்ணன்கிட்ட காட்டினேன். "ஃபில்டர் மாத்திடுவோம் சார், டேங்க்கும் கிளீன் பண்ணிடலாம், அப்பவும் வந்துச்சுன்னா நாசில் கழட்டிடலாம்"னாரு. இன்ஜினுக்குள்ள டீசலைப் பீச்சுற நாசிலைக் கழட்டுறதுன்னா செலவு எங்க போய் நிக்கும்னு டீசல் வண்டி வச்சிருக்கவங்களுக்குத் தெரியும். "அண்ணே, நியூட்ரல்லயே ரேஸ் ஆகலண்ணே, முதல்ல ஸ்கேன் பண்ணிடலாமே"ன்னு கேட்டேன், ஸ்கேனர் வச்சிருக்க பையன் வெளியூர் போயிருக்கான்னாரு. சரின்னு ஆன்லைன்ல வண்டி கம்ப்யூட்டர்ல பதிவான ஃபால்ட் கோடைப் படிக்கிற புளூடூத் ஓபிடி அடாப்டர் ஒண்ணு வாங்கினேன், அந்த சின்ன நீலக் கலர் இஎல்எம் 327, ஸ்டியரிங்குக்குக் கீழ இருக்குற சாக்கெட்ல சொருகி ஃபோன்ல ஆப் போட்டா போதும்.

ஆப்ல வந்த கோட் பி2138. பெடலுக்குள்ள ரெண்டு சென்சார் இருக்கும், ரெண்டும் தனித்தனியா எவ்வளவு மிதிச்சிருக்கோம்னு சொல்லும், ரெண்டு பேரும் சொல்றது ஒத்துப்போகலன்னா வர்ற கோட் இது. ஒருத்தன் 30ன்னு சொல்லி இன்னொருத்தன் 0ன்னு சொன்னா யாரை நம்புறதுன்னு ஈசிஎம்முக்குத் தெரியாது, வண்டி தன்னால பிச்சிக்கிட்டுப் போயிடக்கூடாதுன்னு லிம்ப் மோடுக்கு (பவரைக் குறைச்சு வைக்கிற பாதுகாப்பு நிலை) போயிடும், என் வண்டி செஞ்சது அதான். கோடை அழிக்கிறதுக்கு முன்னாடி ஃப்ரீஸ் ஃப்ரேம் பாத்துக்கோங்க, ஃபால்ட் வந்த நிமிஷத்துல ஸ்பீடு, ஆர்பிஎம் எவ்வளவுன்னு அதுல இருக்கும். எனக்கு ஸ்பீடு 86னு காட்டுச்சு, ஹைவேல நான் எப்பவும் பெடலை வச்சிருக்கற இடம். இது அப்புறம் உதவுச்சு.

மெக்கானிக் அண்ணன்கிட்ட கோடை சொன்னா, "அப்ப பெடல் போயிருக்கு, புதுசு ஆறாயிரத்துக்கு மேல வரும்"னாரு. இருக்கலாம், ஆனா வயர் சொருகுற கப்ளர்ல பச்சையா துரு பூத்திருந்தாலும் எர்த் சரியில்லன்னாலும் எலி வயரைக் கடிச்சிருந்தாலும் இதே கோடுதான் வரும். அதனால டிரைவர் சீட்டைப் பின்னாடி தள்ளிட்டு பெடலுக்கு அடியில தலையை விட்டுப் படுத்தேன். ஆறு வயர்: ரெண்டு அஞ்சு வோல்ட் சப்ளை, ரெண்டு எர்த், ரெண்டு சிக்னல். கப்ளரைக் கழட்டாம பின்பக்கமா குண்டூசி சொருகி மீட்டர் வச்சேன், ஊசி ஒண்ணோட ஒண்ணு படக்கூடாது, அது மட்டும் ஜாக்கிரதை. சப்ளை ரெண்டும் அஞ்சு, எர்த் கிட்டத்தட்ட ஜீரோ. ஒரு சிக்னல் 0.7ல ஆரம்பிச்சு மிதிக்க மிதிக்க நாலு கிட்ட ஏறுது, இன்னொண்ணு அதுல பாதி. எல்லாம் பாடப்புத்தகம் மாதிரி சரியா இருக்கு! வயரை ஆட்டி இழுத்துப் பாத்தும் மாத்தமே இல்ல.

இங்கதான் நிறைய பேர் விட்டுருவாங்க. டிஜிட்டல் மீட்டர் செகண்டுக்கு ரெண்டு மூணு தடவைதான் நம்பரை மாத்தும், கண் இமைக்கிற நேரத்துல சிக்னல் விழுந்து எழுந்தா அது காட்டவே காட்டாது. மச்சான் ரேடியோ ரிப்பேர் கத்துக்கிட்ட காலத்துல வாங்கின முள்ளு வச்ச மீட்டர் ஒண்ணு அவர் வீட்டுல கெடந்துச்சு, அதை வாங்கிட்டு வந்து ரெண்டாவது சிக்னல்ல வச்சு பெடலைக் கையால ரொம்ப மெதுவா அமுக்கினேன். கால்வாசி இறங்குற இடத்துல முள்ளு சடக்குனு கீழ போய் திரும்ப எழும்புச்சு. மறுபடி அமுக்கினேன், அதே இடம். ஆப்ல கிராஃப் போட்டும் பாத்தேன், பெடல் டி, பெடல் ஈ (அந்த ரெண்டு சென்சாருக்கும் ஆப்ல இருக்குற பேரு) ரெண்டை மட்டும் செலக்ட் பண்ணி, ஏன்னா நிறைய ரீடிங் போட்டா அந்த அடாப்டர் நத்தை வேகம்தான். ஒரு கோடு அழகா ஏறுது, இன்னொண்ணு கால்வாசில பள்ளம் விழுது. ஃப்ரீஸ் ஃப்ரேம்ல பாத்த அதே க்ரூஸிங் இடம்!

சென்னையில பழைய பார்ட்ஸ் விக்கிற புதுப்பேட்டை போனேன். கடைக்காரர் ஒரு மூட்டை பழைய பெடலைக் கொட்டினாரு, பாக்க எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், அதுல பார்ட் நம்பர் ஒத்துப்போறதை மட்டும் எடுத்தேன், பெட்ரோல் மாடல் பெடல் அச்சு அசல் அப்படியே இருந்தாலும் வோல்டேஜ் வேறயா இருக்கலாம். பேரம் பேசி எண்ணூறு ரூபா. முள்ளு மீட்டரையும் ஒரு பேட்டரி செட்டையும் கையோட கொண்டு போனதால அங்கயே வச்சு டெஸ்ட் பண்ணித்தான் வாங்கினேன், கடைக்காரர் என்னை ஒரு மாதிரிதான் பாத்தாரு. பேட்டரி டெர்மினலைக் கழட்டிட்டு மூணு நட்டு, ஒரு கப்ளர், மாட்டி கோடை அழிச்சேன். திருச்சி போயிட்டு வந்தாச்சு, பி2138 திரும்ப எட்டிப் பாக்கல.

பழைய பெடலைப் பிரிச்சுப் பாத்தா உள்ள கார்பன் டிராக், அது மேல மெல்லிசான கம்பி விரல் ஓடுது. எப்பவும் கால் வச்சு ஓட்டுற அந்த ஒரு இடத்துல மட்டும் தேஞ்சு பழுப்பா பேஸ் தெரியுது, பக்கத்துல கருப்பு தூள். அப்புறம் வந்த நிறைய வண்டிகள்ல காந்தத்தை வச்சு வேலை செய்யுற ஹால் எஃபெக்ட் சென்சார் போட்டுட்டாங்க, அதுல உரசற வேலையே கிடையாது.

பெடலும் வயரும் சரியா இருந்து இதே மாதிரி கட் ஆச்சுன்னா பிரேக் ஸ்விட்சையும் பாருங்க. பிரேக்கும் ஆக்ஸிலேட்டரும் சேர்ந்து மிதிச்சிருக்குன்னு தோணுச்சுன்னா நிறைய டீசல் ஈசிஎம் டீசலைக் குறைச்சிடும், ஸ்விட்ச் மாட்டிக்கிச்சுன்னா நீங்க மிதிக்காமலே அப்படித்தான் நினைச்சுக்கும். ராத்திரியில சுவர் பக்கமா ரிவர்ஸ்ல நிறுத்தி, ஹெட்லைட், பார்க்கிங் லைட்டை ஆஃப் பண்ணிட்டுப் பாருங்க, பிரேக்கை விட்ட அப்புறமும் சுவர்ல சிவப்பு தெரிஞ்சா அந்த ஸ்விட்சை மாத்திடுங்க, விலை கம்மிதான்.