பதினொரு விநாடிக் குரல்

புற்றுநோய்க்காக என் குரல்வளையை முழுவதும் அகற்றுவது என்று முடிவானபோது, அறுவைச் சிகிச்சைக்குப் பதினெட்டு நாள்களே இருந்தன. அதற்குள் குரலைப் பதிவு செய்து வைத்துக்கொள்ளலாம் என்று மருத்துவமனையில் எவரும் சொல்லவில்லை. தற்செயலாகப் பார்க்கப்போன பேச்சுப் பயிற்சியாளர் ஒருவர்தான் சொன்னார்.

சொந்தக் குரலை உருவாக்கித் தருவதாக ஐபோனில் 2023இல் வந்த வசதி, தொடக்கத்தில் 150 ஆங்கிலத் தொடர்களை வாசிக்கக் கேட்டது என்று அறிந்து அதை ஒதுக்கிவிட்டோம். என் மருமகன், சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் ஆய்வகம் வெளியிட்ட இண்டிக்எஃப்5 என்ற மென்பொருள் மாதிரியைத் தம் கணினியில் நிறுவினார். சில விநாடிப் பேச்சையும் அதன் எழுத்து வடிவத்தையும் கொடுத்து, வேண்டியதைத் தட்டச்சு செய்தால் அதே குரலில் அது பேசும்.

மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலை அடைத்து, வியர்க்க விறுவிறுக்க இரண்டு இரவுகள் செய்தித்தாளை வாசித்தேன். பதிவு தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் வந்தது, பல மாதங்களாகக் கம்மிப்போயிருந்த தொண்டையின் குரல். கொடுக்கும் பதிவின் தொனியையே அந்த மென்பொருள் பிடித்துக்கொள்வதால், "சாப்பிட்டியா" என்பதைக்கூட வானிலை அறிக்கைபோல் சொன்னது. கடைசியில் கைகொடுத்தது, நோய்க்கு முன்பு மகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய பதினொரு விநாடிப் பேச்சு. "பஸ் இன்னும் கிளம்பல, நீ சாப்பிட்டுப் படு" என்று சலிப்போடு தொடங்கும் அதன் கடைசியில் ஒலித்த ஹாரனை மட்டும் வெட்டியெடுத்தோம். மருமகன் முதலில் அதை "கிளம்பவில்லை" என்று இலக்கண சுத்தமாக எழுதிக் கொடுத்தார். எழுத்தும் பேச்சும் பொருந்தாததால் சொற்கள் குழறின. பேசியது பேசியபடியே எழுதியதும் சரியாயிற்று.

ககரத் தொல்லை தனி. "கேஸ் வந்தாச்சா" என்று சிலிண்டரைப் பற்றிக் கேட்டால், நீதிமன்ற வழக்கைக் கேட்பதுபோல் இருந்தது. "சிலிண்டர்" என்றே எழுதிவிட்டோம்.

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் காத்திருக்க வேண்டியிருப்பதால் உரையாடலுக்கு இது ஒத்துவராது. ஆகவே அன்றாடம் தேவைப்படும் அறுபது வாக்கியங்களை முன்கூட்டியே உருவாக்கிக் கைப்பேசியில் வைத்திருக்கிறேன். இப்போது தொண்டையில் பொருத்திய வால்வின் உதவியால், கழுத்துத் துளையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு பேசுகிறேன். நேரில் அது போதுமானது. தொலைபேசியிலோ, கரகரப்பைக் கேட்டு, இணைப்புச் சரியில்லை என்று பலர் வைத்துவிடுகிறார்கள். அதனால் அழைப்பை எடுத்ததும் முதல் பதிவை ஓடவிடுகிறேன்: "தொண்டையில ஆபரேஷன் ஆகியிருக்கு, வச்சிராதீங்க, கொஞ்சம் பொறுமையா கேளுங்க."