பிதாசோவா ஆற்றைக் கடந்தேன், அட்டையை மறந்தேன்

பிரான்ஸ்–ஸ்பெயின் எல்லையில் கோமேத் பாதையில் (இரண்டாம் உலகப் போரில், சுட்டு வீழ்த்தப்பட்ட நேச நாட்டு விமானிகளை ஜெர்மானியர்களிடமிருந்து ஸ்பெயினுக்குத் தப்புவித்த ரகசிய வழி) நடக்கப் போகிறீர்களா? வதிவிட அட்டையைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ‘ஷெங்கனுக்குள்தானே, எல்லையில் யார் சோதிக்கப் போகிறார்கள்’ என்று அதை விடுதி அறையில் போட்டுவிட்டுப் போனேன். பட்டேன்.

பாரிஸிலிருந்து செங்-ஜான்-து-லூஸ் வரை ரயில், சொல்ல ஒன்றுமில்லை. போர்க்காலத்தில் இதே ஊருக்கு வந்து இறங்கிய நேச நாட்டு விமானிகளுக்குத்தான் ரயிலே பெரும் கண்டம். கையில் போலி அடையாள அட்டை, வாயில் பிரெஞ்சு வராது. அவர்களைக் கூட்டிவந்தவர் பிரஸ்ஸல்ஸைச் சேர்ந்த ஆந்த்ரே து யோங். 1941இல் இந்த வழியைத் தொடங்கியபோது அவருக்கு வயது 24.

உருன்யா என்ற ஊரைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. புதிதாக வாங்கிய காலணி. சேற்றில் மூன்று முறை விழுந்தேன். வாங்கியவுடன் மலைக்குப் போட்டுப் போகாதீர்கள். விமானிகள் கயிற்றடிச் செருப்போடு, இருட்டில், ஃபுளோரெந்தினோ என்ற பாஸ்க் கடத்தல்காரரின் முதுகைப் பார்த்தபடி ஏறியிருக்கிறார்கள். நான் பட்டப்பகலிலேயே இரண்டு முறை வழி தவறினேன்.

மழையை அதற்குமேல் திட்ட மனம் வரவில்லை. 1943 ஜனவரியில் இப்படியொரு மழையில்தான் எல்லையில் ஓடும் பிதாசோவா ஆறு பெருகி, ஆந்த்ரேயும் மூன்று விமானிகளும் இங்குள்ள ஒரு பண்ணை வீட்டில் தங்க நேர்ந்தது, அங்கேயே பிடிபட்டார்கள். ‘நான்தான் தலைவி’ என்று அவர் ஒப்புக்கொண்டும் ஜெர்மானியர்கள் நம்பவில்லையாம். அவர் உயிரோடு திரும்பினார். வீட்டுக்காரி ஃபிராஞ்சா, மூன்று பிள்ளைகளின் தாய், ராவன்ஸ்புரூக் என்ற நாஜி வதை முகாமில் இறந்துபோனார்.

ஆற்றங்கரையில் கொஞ்ச நேரம் நின்றேன். கால்சட்டையைக் கழற்றிக் கழுத்தில் கட்டிக்கொண்டு இறங்குவார்களாம். அந்த ஆண்டு டிசம்பரில் இருவரை இந்த நீர் கொண்டுபோயிருக்கிறது. நான் பாலத்தின் வழியாகவே போனேன்.

ஸ்பெயின் பக்கத்து இரூனிலிருந்து திரும்பும் வழியில், பிரான்ஸ் பக்கத்து ஆந்தாயில் சோதனை. தொலைபேசியில் இருந்த அட்டையின் படத்தை நீட்டினேன். காவலர் தலையசைத்து மறுத்தார். ஈரத் துணியோடு இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்தேன். (விடுதியின் தொலைபேசி எண்ணைக் குறித்து வைத்திருந்தது மட்டுமே நான் செய்த புத்திசாலித்தனம்.) விடுதிக்காரப் பாட்டி காரில் அட்டையைக் கொண்டுவந்தார். காவலரிடம் காட்டி முடித்ததும் என் காலணியை மேலும் கீழும் பார்த்தார். இருக்கையில் பழைய செய்தித்தாளை விரித்த பிறகுதான் ஏறச் சொன்னார்.