ரிஸ், ஸ்லாப், வைப் கோடிங்: எங்கே போடலாம், எங்கே கூடாது

நாகர்கோவில் பக்கம் ஐடி வேலைக்குத் தயாராகிற பிள்ளைகள் சிலர் ரெஸ்யூமில் 'வைப் கோடிங்' என்று ஒரு திறமையாகவே போட்டுவிடுகிறார்கள். எடுத்துவிடுங்கள். 2025 பிப்ரவரியில் ஏஐ ஆராய்ச்சியாளர் ஆந்த்ரே கர்பாத்தி இந்தச் சொல்லை உருவாக்கியபோது சொன்னது, ஏஐ எழுதித் தரும் கோடைப் படித்துக்கூடப் பார்க்காமல் அப்படியே ஏற்றுக்கொண்டு போவதை. ஏஐ உதவியோடு எழுதி, வரிவரியாகச் சரிபார்ப்பது அதில் சேராது. ரெஸ்யூமைப் பார்க்கிற சீனியர் 'இந்தப் பையன் கோடைப் படிக்கவே மாட்டான் போல' என்றுதான் நினைப்பார். காலின்ஸ் அகராதி அதை 2025-இன் சொல்லாக அறிவித்தது உண்மைதான். அந்த வருஷம் எல்லார் வாயிலும் புழங்கியது என்பதற்கு மேல் அதற்கு அர்த்தமில்லை.

புதுச் சொல்லைப் பார்த்ததும் அது எப்படிப் பிறந்தது என்று கவனித்தால் பாதி பொருள் பிடிபடும். ஆளைக் கவரும் திறமையைச் சொல்லும் 'ரிஸ்', கரிஸ்மாவின் நடுத்துண்டு. கெட்ட செய்திகளையே போனில் தள்ளித் தள்ளிப் பார்ப்பதைச் சொல்லும் 'டூம்ஸ்க்ரோல்', 'டூம்', 'ஸ்க்ரோல்' என்ற இரண்டு சொற்களின் ஒட்டு. இவை சுலபம். ஆளைக் கவிழ்ப்பது, தெரிந்த சொல்லில் புதுப்பொருள் ஏறுவது. பன்றிக்கு ஊற்றும் கழனிக்குச் சொன்ன 'ஸ்லாப்', இப்போது ஏஐ கொட்டும் குப்பைக்கு. மீட்டிங்கில் ஒருவர் 'எனக்கு பேண்ட்விட்த் இல்லை' என்றால் நேரமில்லை என்று பொருள். நெட் ஸ்லோவா என்று கேட்டுவைக்காதீர்கள்.

சில சமயம் சொல்லின் பூர்வீகமும் கைகொடுக்காது. குளச்சல் கடற்கரையில் கட்டுமரம் என்றால் மரத்தடிகளைக் கயிற்றால் பிணைத்தது. 1697-இல் ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியரின் பயணநூலிலும் அந்தப் பொருளில்தான் வருகிறது. இன்றைய ஆங்கிலத்தில், அதிலிருந்து வந்த 'கேட்டமரான்' என்று சொன்னால் இரட்டை உடல் கொண்ட படகுதான் நினைவுக்கு வரும்.

அகராதியில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து நிறுத்தாதீர்கள். ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி ஏற்றிய சொல்லை நீக்குவதில்லை, செத்த சொல்லும் உள்ளேதான் கிடக்கும். பக்கத்தில் 'ஸ்லாங்', 'கொலோக்கியல்' (பேச்சுவழக்கு) குறிப்பு இருக்கிறதா, அந்தச் சொல் வந்த இடத்துக்கு அகராதி காட்டும் கடைசி மேற்கோள் எந்த ஆண்டு என்று பாருங்கள். முதல் மேற்கோளும் சுவாரசியம்: 2024-இல் ஆக்ஸ்போர்டு ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்த 'பிரெய்ன் ராட்' (மூளை மழுங்கிப்போவது) 1854-லேயே அச்சில் வந்தது.

நம் 'ஐயோ'வும் 2016-இல் அங்கே ஏறிவிட்டது. டீம் சாட்டில் தாராளமாகப் போடலாம், கிளையன்ட் மெயிலில் வேண்டாம். 'போஸ்ட்போன்' என்பதற்கு எதிர்ச்சொல்லாக நாம் சொல்லும் 'ப்ரிபோன்' இன்னும் சிக்கல்: இந்தியாவுக்கு வெளியே பலருக்குப் புரியாது. மீட்டிங்கை முன்னால் நகர்த்த வேண்டுமென்றால் புதுத் தேதி, மணி, எந்த நாட்டு நேரம் என்பதை எழுதிவிடுங்கள்.