கயிற்றின் மறுமுனையில் இருப்பவர்

மலைபோல் எழும் அலையில், பலகையில் நிற்கும் அலைச்சறுக்கு வீரர் ஒருவரை ஜெற் ஸ்கி எனும் சிறு நீர் வாகனம் கயிற்றால் இழுத்துச் சென்று விடும் காணொளியை முதன்முறை பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். வெள்ளவத்தையில் இருக்கும் என் அக்காவின் மகனும் அதையே கேட்டான்: "மாமா, இயந்திரம் இழுத்துக்கொண்டு போய் விட்டால் அதில் என்ன வீரம் இருக்கிறது? கையால் தண்ணீரை வலித்துப் போய் அலையைப் பிடிப்பவன்தானே கெட்டிக்காரன்?" நியாயமான கேள்வி என்பதால் அதற்கான பதிலைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அலையைப் பிடிக்க வேண்டுமானால், அது வந்து சேரும் கணத்தில் பலகையும் ஏறக்குறைய அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அறுகம்குடாவிலோ வெலிகமவிலோ ஆளுயரத்துக்கு வரும் அலைக்குப் பலகையில் குப்புறப் படுத்துக் கையால் வலித்தாலே போதும். அலை உயர உயர அது முறியும் இடத்தின் ஆழம் கூடுகிறது. ஆழம் கூடக் கூட வேகமும் கூடுகிறது. 20 மீற்றர் அலை மணிக்கு 50 கிலோமீற்றர் அளவில் பாய்ந்து வருகையில், கையால் வலிப்பவர் மணிக்கு 10 கிலோமீற்றரை எட்டுவதே பெரும்பாடு. போதாததற்கு அலையின் முகப்பில் நீர் மேல்நோக்கி இழுக்கப்படுவதால், நேரத்துக்கு எழுந்து நிற்க முடியாதவரை அது உச்சிக்குத் தூக்கிச் சென்று கீழே எறிந்துவிடும்.

1990களின் தொடக்கத்தில் ஹவாயில் லெயார்ட் ஹமில்டன், டாரிக் டோர்னர், பஸ்ஸி கேர்பொக்ஸ் ஆகிய அலைச்சறுக்கு வீரர்கள் முதலில் காற்றடைத்த இறப்பர் படகையும் பிறகு ஜெற் ஸ்கியையும் கொண்டு இந்தத் தடையைக் கடந்தார்கள். வலிக்கத் தேவையில்லாமற் போனதும் நீண்ட பலகை குறுகியது. அந்த வேகத்தில் பலகை காலை விட்டு விலகாதிருக்கப் பாதங்களைப் பிடிக்கும் வார்கள் அதில் பொருத்தப்பட்டன. மௌயி தீவின் பெயாஹியில், அதுவரை கரையில் நின்று பார்க்க மட்டுமே முடிந்த அலைகளில் மனிதர்கள் இறங்கினார்கள். பின்னாளில் அதே பெயாஹியில் கையால் வலித்தே பெரிய அலைகளைப் பிடித்தவர்களும் உண்டு. அவர்கள்மீது எனக்கு மிகுந்த மதிப்பு இருக்கிறது. ஆயினும் அலை ஓர் எல்லையைத் தாண்டிய பின் கயிறின்றி வழியில்லை.

அந்தக் கயிற்றின் மறுமுனையில் ஒரு மனிதர் இருக்கிறார் என்பதைத்தான் மருமகனுக்கு நான் சொல்ல விரும்பினேன். தொலைவில் கறுத்த மேடுகளாக வரும் அலைகளுள் எது சரியாக முறியும் என்று தெரிந்தெடுப்பதும், முன்னே சென்ற அலையின் நுரைக்குள் சிக்காமல் வளைத்து வந்து, சறுக்குபவர் கயிற்றை விடவேண்டிய இடத்துக்கு அவரைக் கொண்டு சேர்ப்பதும் ஓட்டுபவரின் வேலை. அந்த இடம் சில மீற்றர் தவறினாலும் பலகையில் நிற்பவருக்கு அதைத் திருத்திக்கொள்ள நேரம் கிடைப்பதில்லை. அவர் விழுந்துவிட்டால் ஓட்டுபவரின் கடினமான வேலை அங்கிருந்துதான் தொடங்குகிறது. தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் வெள்ளவத்தைப் புகையிரதப் பாதையோரம் நின்று பார்த்தால், பத்து எண்ணி முடிப்பதற்குள் அடுத்த அலை கற்களில் வந்து மோதிவிடுகிறது. தொலைதூரப் புயலிலிருந்து வரும் பேரலைகளுக்கிடையே 15 முதல் 20 செக்கன் வரை இருக்கலாம். அந்த இடைவெளிக்குள் வெண்ணுரையின் நடுவே ஒரு தலையைக் கண்டுபிடித்து, அருகே சென்று, பின்னால் கட்டியிருக்கும் மிதவைப் பலகையின் கைப்பிடியை அவர் பற்றியதும் வெளியே பாய வேண்டும். பற்றத் தவறினால், ஆளை அங்கேயே விட்டு விலகி, அடுத்த அலை கடந்தபின் மீண்டும் நுழைய வேண்டும். ஒருவர் எடுக்கக்கூடிய முடிவுகளில் இதைவிடக் கொடியது அதிகம் இல்லை என்று நினைக்கிறேன்.

போர்த்துக்கலின் நசரேயில் இவை அனைத்தும் உச்சத்துக்குச் செல்கின்றன. அங்கே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று கரையை நெருங்கி வருகிறது. ஆழமான பள்ளத்தாக்கின் மேலாக விரைந்து வரும் அலையும், பக்கத்து ஆழமற்ற பகுதியில் வேகம் குறைந்து வரும் அலையும் ஓரிடத்தில் கூடி உயர்கின்றன. (நமது திருகோணமலையிலும் கொட்டியாறு குடாவிலிருந்து அத்தகைய பள்ளத்தாக்கு ஒன்று இறங்குகிறது, வட அத்திலாந்திக்கின் குளிர்காலப் புயல்கள்தாம் நமக்கு இல்லை.) 2013இல் அங்கு விழுந்து மூச்சிழந்த வீராங்கனை மாயா கபெய்ராவை மீட்டவர், அவரை அலைக்குள் இழுத்துவிட்ட கார்லோஸ் பூர்லேதான். கரையில் முதலுதவி செய்து அவரை உயிர்ப்பித்தார்கள். அதே நசரேயில் அலைச்சறுக்கு வீரர் மார்சியோ ஃப்ரெய்ரே 2023 ஜனவரியில் உயிரிழந்தார்.

2011இல் கேரட் மக்னமாரா ஏறக்குறைய 24 மீற்றர் அலையில் இறங்கியபோது கயிற்றை இழுத்தவர் அண்ட்ரூ கொட்டன். 2020 பெப்ரவரியில் 22.4 மீற்றர் அலையில் மாயா பெண்களுக்கான உலக சாதனை படைத்தபோது அவரை இழுத்துச் சென்றவர் செபஸ்தியான் ஸ்டொய்ட்னர். அதே ஸ்டொய்ட்னர் அவ்வாண்டு ஒக்டோபரில் பலகையில் நின்று 26.21 மீற்றர் அலையில் சறுக்கி ஆண்களுக்கான சாதனையைப் படைத்தார். ஒரு நாள் கயிற்றைப் பிடித்தவர் இன்னொரு நாள் கயிற்றை இழுக்கிறார். இரண்டும் அறிந்தவரையே மற்றவர் நம்பிக் கடலில் இறங்குகிறார். நமது பத்திரிகைகளின் விளையாட்டுப் பக்கத்தில் இத்தகைய செய்தி அடுத்த முறை வரும்போது, ஓட்டியவரின் பெயரையும் முதல் பந்தியிலேயே அச்சிட வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.